தாவுறதுக்கு முன்னாடி ஒரு நிறுத்தம்

எனக்குப் பொன்னாடை போத்துன அன்னிக்கி மாதிரி நான் வெக்கப்பட்ட நாள் வேற கெடையாது. ஜரிகை கழுத்துல குத்திக்கிட்டு இருந்துச்சி. எதிர்ல, மொத வரிசையில, என் மனைவி எல்லார் கூடயும் சேந்து கைதட்டுனா. நான் அவ முகத்தப் பாக்கல. பாக்குற யோக்கியதை எனக்கு இல்ல.

மொதல்லருந்தே சொல்லிடறேன். நான் சினிமாவுக்கு கீபோர்டு புரோகிராமிங் பண்றவன். இசையமைப்பாளரு வாயால முணுமுணுக்கிறத வாங்கி, வயலினுக்கு இது, செல்லோவுக்கு இது, புல்லாங்குழலுக்கு இதுன்னு கம்ப்யூட்டர்ல பிரிச்சிப் போட்டு ஆர்கெஸ்ட்ராவா ஆக்கிக் குடுக்கிறது என் பொழப்பு. வீடு புதுச்சேரி நெல்லித்தோப்புல. எங்கப்பா மில்லுல தறி ஓட்டுனவரு. தறிச் சத்தத்துல பொறந்தவனுக்கு என்னா காதுடான்னு சென்னை ஸ்டுடியோவுல மெச்சிக்குவாங்க. அந்தப் பேச்ச இப்ப நெனச்சா எனக்கே சிரிப்பு வருது.

மனைவி பியானோ டீச்சரு. அவங்கப்பா பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குனவரு, எங்க ஊர்ல சொல்தான்னு சொல்லுவாங்க. பொண்ணு கல்யாணத்துக்கு நகையோட ஒரு பியானோவும் குடுத்தாரு. அத எங்க சந்துல கொண்டாந்து எறக்குன அன்னிக்கி தெருவே வேடிக்க பாத்துச்சி. முன் அறையில அவ பியானோ, பின் அறையில என் கம்ப்யூட்டரு. சமையல் முடிச்சிட்டு அவ ஒக்காந்து வாசிப்பா. நான் ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு என் வேலையப் பாப்பேன். நாங்க குடும்பம் நடத்துன லட்சணம் இதுதான்.

பியானோவுக்கு அவளே மெட்டுக் கட்டுன பீஸ் ஒண்ணு இருந்துச்சி. வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா வளத்தது. ஒரு வரி எழுதி வெக்கல, எல்லாம் கையிலதான். லேசுப்பட்ட பீஸ் இல்ல. வலது கை நடுவுல ஓடிக்கிட்டே இருக்கும். எடது கை கீழ்க்கோடியில ஒரு அடி போட்டுட்டு, வலது கைக்கு மேலாகத் தாவிப் போயி, மேல்கோடியில ஒரே ஒரு சுரத்தத் தொட்டுட்டுத் திரும்பணும். அந்தத் தாவல் திரும்பத் திரும்ப வரும். டியூஷன் பசங்க அத சர்க்கஸ்னு சொல்லுவாங்க. இவ்வளவு விவரமா இப்பச் சொல்றேனே, இதெல்லாம் நான் பிற்பாடு தெரிஞ்சிக்கிட்டது.

ஒரு நாள் உப்பளம் பக்கம் ரோட்டு மணல்ல ஸ்கூட்டர் சறுக்கி விழுந்துட்டா. எடது மணிக்கட்டு ஒடஞ்சி உள்ள தகடு வெச்சாங்க. கட்டுப் பிரிச்சப்பறம் டம்ளரக் கூட அவளால இறுக்கிப் பிடிக்க முடியல. டியூஷன நிறுத்திட்டா. பியானோ மூடி மேல தொவச்ச துணிய மடிச்சி அடுக்க ஆரம்பிச்சா. அதப் பாக்க எனக்குத் தாங்கல. அது மட்டும் பொய்யில்ல.

அந்த நேரம் பாத்து சென்னையில எனக்குப் பழக்கமான கண்டக்டரு போன் பண்ணாரு. பஸ் கண்டக்டர் இல்லீங்க, கையில குச்சி வெச்சிக்கிட்டு ஆர்கெஸ்ட்ராவ நடத்துறவரு. புதுச்சேரியில ஒரு கச்சேரி வெக்கிறோம், உங்க ஊர் ஆளு கட்டுன பீஸ் ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்னாரு. நான் நேரா அவகிட்டப் போயி, "உன் பீஸ ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதுறேன். உன் கை வாசிக்கலன்னா என்னா, அறுபது பேரு வாசிப்பாங்க"ன்னேன்.

என்னமோ பெரிய மனசு பண்ணிட்ட நெனப்பு எனக்கு. அவ மடிச்சிக்கிட்டு இருந்த துணியக் கீழ வெச்சா. "எழுதுங்க. ஆனா நான்தான் வாசிச்சிக் குடுப்பேன்"ன்னா.

அதுக்கப்பறம் அவ பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்ல. ரப்பர் பந்த வெச்சி அமுக்கிக்கிட்டே டிவி பாப்பா. வெந்நீர்ல கைய வெச்சிக்கிட்டே பல்லக் கடிச்சிக்குவா. துணி மூட்டைய எடுத்து வேற எடத்துல போட்டுட்டு பியானோவத் தொறந்தா. மாசக்கணக்குல அந்த முன் அறையில என்ன நடந்துச்சின்னு என்னக் கேக்காதீங்க. நான் பின் அறையில ஹெட்ஃபோனோட ஒக்காந்திருந்தேன்.

ஒரு காலையில வந்து, "ரெக்கார்ட் பண்ணிக்கலாங்க"ன்னா. என் பெரிய கீபோர்டுல ஒக்காந்து முழுசா வாசிச்சா. எந்தக் கட்டைய எப்ப அமுக்குனா, எவ்வளவு அழுத்துனான்னு அப்பிடியே கம்ப்யூட்டர்ல பதிவாயிடும். நான் ஸ்க்ரீனத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், அவ கையப் பாக்கல. வாசிச்சி முடிச்சிட்டுத் திரும்புனா, நெத்தியெல்லாம் வேர்வை. "பாத்தீங்களா, வந்துடுச்சி"ன்னா. "சூப்பர்மா"ன்னேன்.

அவ போனப்பறம் ஸ்க்ரீனப் பாத்தா, தாவல் வர்ற எடத்துல எல்லாம் அந்த மேல் சுரம் தாளக் கட்டத்துக்கு வெளிய தள்ளி நிக்குது. பாவம், கை எட்டலன்னு நெனச்சேன். எங்க தொழில்ல குவாண்டைஸ்னு ஒரு பட்டன் உண்டு. முன்னப் பின்ன விழுந்த சுரத்தயெல்லாம் இழுத்து, கட்டத்துல கரெக்டா உக்கார வெச்சிடும். யாரு வாசிச்சி அனுப்புனாலும் எங்க கை தானா அந்தப் பட்டனுக்குத்தான் போவும். காலையில எழுந்து பல்லு வெளக்குற மாதிரி அது. மொத்தத்தயும் செலக்ட் பண்ணி ஒரே அமுக்கு. அவகிட்ட சொல்லல. சொன்னா மனசு கஷ்டப்படுவாளேன்னு சொல்லல. எவ்வளவு நல்லவன் பாருங்க நான்.

அதுக்கு மேல எழுதுனதுல தொழில் சுத்தம் இருந்துச்சி. பியானோவுல பெடல மிதிச்சா சத்தம் தொங்கிக்கிட்டு நிக்கும். ஆர்கெஸ்ட்ராவுல பெடல் ஏது, யாராவது அதப் பிடிச்சிக்கிட்டு நிக்கணும். அந்த வேலைய ஹார்ன்காரங்களுக்குக் குடுத்தேன். ஓடுற வலது கையக் கிளாரினெட்டுக்கும் புல்லாங்குழலுக்கும், ஆளுக்கு மூச்சு விட எடம் விட்டு, மாத்தி மாத்திப் பிரிச்சேன். எடது கையோட அடிய டபுள் பேஸுங்கிற ஆளுயர வயலினுக்கும், தாவித் தொடுற அந்த ஒத்தச் சுரத்த ஓபோங்கிற குழலுக்கும் குடுத்தேன். அங்கதான் விஷயமே. ரெண்டு ஆளுக்குப் பிரிச்சிட்டா தாவலே இல்ல. கீழ இருக்கிறவரு கீழயே இருக்காரு, மேல இருக்கிறவங்க மேலயே இருக்காங்க, யாரும் எங்கயும் போவ வேணாம். எனக்கு அது சௌகரியமாத்தான் பட்டுச்சி.

கச்சேரிக்கு மொத நாள் காலையில ஒத்திகை. ஒரு ஸ்கூல் ஹாலு. அவ நடு வரிசையில ஒக்காந்தா, நான் பக்கத்துல. மடியில இருந்த கைப்பை மேல ரெண்டு கையயும் வெச்சிக்கிட்டா. ஆர்கெஸ்ட்ரா ஆரம்பிச்சதும் அவ விரலும் பை மேல வாசிக்க ஆரம்பிச்சிடுச்சி. எனக்குப் பெருமை தாங்கல.

மொதத் தாவல் வந்துச்சி. அவ எடது கை பையோட ஓரத்துல இருந்து எழும்புறதுக்குள்ள ஓபோ அந்தச் சுரத்த ஊதி முடிச்சிட்டுச்சி. கை அந்தரத்துல நின்னுச்சி. சமாளிச்சிக்கிட்டுத் தொடந்தா. அடுத்த தாவல், திரும்பவும் அதே மாதிரி. மூணாவது தாவலுக்கு அவ கை எழும்பவே இல்ல. ரெண்டு கையயும் எடுத்து முந்தானைக்குள்ள வெச்சிக்கிட்டா. உணர்ச்சிவசப்பட்டுட்டான்னு நெனச்சி நான் அவ தோளத் தட்டுனேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

முடிஞ்சதும் கண்டக்டரு திரும்பி, "மேடம், ஏதாவது மாத்தணுமா?"ன்னு கேட்டாரு. "நல்லா இருக்குங்க"ன்னா அவ.

வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டும்போதே கேட்டா. "எங்கெங்க சரி பண்ணீங்க?"

"என்னத்த?"

"நான் வாசிச்சத."

தப்பு பண்ணவனுக்குத்தான கோவம் மொதல்ல வரும், எனக்கும் வந்துச்சி. "அறுபது பேரு ஒண்ணா வாசிக்கணும்மா. தாளம் நேரா இருந்தாத்தான் முடியும். கை கொஞ்சம் முன்னப் பின்ன இருந்துச்சி, நேராக்குனேன், அவ்வளவுதான்"ன்னேன்.

"என் கை போச்சின்னு நெனச்சிட்டீங்க."

"அப்பிடி இல்லம்மா."

"சரி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் விழறதுக்கு முன்னாடி, நல்லா இருந்த காலத்துல, அந்தத் தாவலுக்கு முன்னாடி நின்னேனா, நிக்கலையா?"

எனக்குத் தெரியல. அதே வீட்டுல, ஒரு செவுத்துக்கு அந்தப் பக்கம் வருஷக்கணக்கா வாசிச்சிருக்கா. நின்னாளா நிக்கலையான்னு எனக்குத் தெரியல. அவ அரிசி களையப் போயிட்டா.

நான் போயி, அவ வாசிச்ச ஒரிஜினல் பதிவத் தேடி எடுத்து, ஹெட்ஃபோன் இல்லாம ஸ்பீக்கர்ல போட்டேன். மொதத் தடவையா ஒழுங்காக் கேட்டேன். கை முடியாதவ வாசிச்சா எல்லா எடத்துலயும் தடுமாறணும். இவ எங்கயும் தடுமாறல. தாவுறதுக்கு முன்னாடி மட்டும் நிக்கிறா. ஒவ்வொரு தடவையும் அதே அளவு. அந்த நிறுத்தத்துல, எட்டுமா எட்டாதான்னு கேக்குறவனுக்கு நெஞ்சு பதறுது. அப்பறம் அந்தச் சுரம் வந்து உக்காருது. பீஸே அதுதான். அத நான் அழுக்குன்னு நெனச்சித் தொடச்சிப் போட்டிருக்கேன். "வந்துடுச்சி"ன்னு வேர்வையோட வந்து நின்னவகிட்ட சூப்பர்மான்னு சொல்லிட்டு, பின்னாலயே கைய நேராக்கியிருக்கேன்.

மறுநாள் காலையில ஹாலுக்குப் போயி, அறுபது பேரும் ஒக்காந்திருக்க, கண்டக்டர்கிட்ட சொன்னேன். "சார், எழுதுனது தப்பு. அவங்க நின்னு வாசிச்சத நான் கை முடியலன்னு நெனச்சி நேராக்கிட்டேன்." ஓபோ வாசிக்கிற பொண்ணு தலையக் குனிஞ்சிக்கிச்சி. கண்டக்டரு என்னத் திட்டல. என் போன வாங்கி அவரே அவகிட்டப் பேசுனாரு. "மேடம், நீங்க வந்து வாசிச்சாத்தான் எங்களுக்குப் புரியும்"ன்னாரு.

அவளக் கூட்டியாற நான் ஸ்கூட்டர எடுக்கிறதுக்குள்ள, வர வேணாம்னு சொல்லிட்டா. தனியா ஆட்டோ பிடிச்சி வந்து, மேடை ஓரத்துல இருந்த பியானோவுல ஒக்காந்தா. தகடு வெச்ச கையால மொத்தத்தயும் வாசிச்சா. தாவலுக்குத் தாவல் அறுபது பேரும் மூச்சப் பிடிச்சிக்கிட்டு இருந்தத நான் கதவோரம் நின்னு பாத்தேன். "பென்சில் எடுங்க"ன்னாரு கண்டக்டரு. அந்தந்த எடத்துல எல்லாரும் நோட்டுல நிறுத்தத்துக்கு அடையாளமா ஒரு காற்புள்ளி போட்டுக்கிட்டாங்க. "இங்க நான் குச்சிய எறக்க மாட்டேன். மேடம் கைய நெனச்சிக்கோங்க"ன்னாரு. ஒரு காலைப் பொழுதுல அவங்களுக்குப் புரிஞ்சிடுச்சி.

சாயங்காலம் அதே ஹாலுல கச்சேரி. நிறுத்தம் வந்த எடத்துல எல்லாம் ஆர்கெஸ்ட்ராவோட சேந்து ஹாலே நின்னுச்சி. ஓபோ தாவி உக்காந்தப்ப பின்னால யாரோ அப்பாடான்னாங்க. இதோட முடிஞ்சிருந்தா நானும் மனுஷன்னு நடமாடியிருப்பேன்.

விழா நடத்துனவரு மைக்கப் பிடிச்சாரு. "வாசிக்க முடியாமல் போன தன் மனைவிக்கு, தானே கைகளாக மாறிய கணவர்"னு என்னய மேடைக்குக் கூப்புட்டாரு. காலையில அந்த மேடையில அவ வாசிச்சத அறுபது பேரு பாத்திருக்காங்க. கண்டக்டரு என்னையே பாத்தாரு. மைக்கு என் வாய்க்கு நேரா நீண்டுச்சி. அவங்க கை போவலைங்க, போனது என் காதுன்னு சொல்லியிருக்கணும். "எல்லாருக்கும் நன்றி"ன்னேன். பொன்னாடையப் போத்துனாங்க. அவ கைதட்டுனா.

வீட்டுக்கு வந்து அந்தப் பொன்னாடைய எங்க வெக்கிறதுன்னு தெரியாம கையில வெச்சிக்கிட்டு நின்னேன். மன்னிச்சிடுன்னேன். "அதான் எல்லார்கிட்டயும் சொன்னீங்களே காலையில"ன்னா. சாயங்காலம் சொல்லாதத அவ எடுக்கவே இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சி, "இனிமே நான் வாசிக்கிறப்ப ஒக்காந்து கேக்குறேன்"ன்னேன்.

"வேணாங்க"ன்னா. கோவமே இல்லாம சொன்னா. "நீங்க எப்பவும் போல ஹெட்ஃபோன மாட்டிக்கோங்க. எங்க தப்பு பண்றேன்னு கேக்குறாரோன்னு நெனச்சிக்கிட்டு என்னால வாசிக்க முடியாது."

இப்ப டியூஷன் பசங்க திரும்பவும் வர்றாங்க. சமையல் முடிச்சிட்டு அவ பியானோவுல ஒக்காந்ததும் நான் பின் அறைக்குப் போயி, அவ பாக்குற மாதிரி ஹெட்ஃபோன மாட்டிக்கிறேன். ஒயர எதுலயும் சொருவுறதில்ல. அடச்ச காதுக்குள்ள வர்ற வரைக்கும் வரட்டும்னு கேக்குறேன். எடது கை கீழ அடிக்குது. அப்பறம் நிக்கிறா. அந்த நேரத்துல நான் திரும்பிக்கூடப் பாக்குறதில்ல.