எதற்கும் இருக்கட்டும் என்று சேர்த்த பட்டியல்

வேலையில் சேர்ந்து, ஆறு மாத சோதனைக் காலம் முடியும் வாரம். அந்தத் திங்கட்கிழமைதான் எங்கள் சர்வர் காலை பதினொன்றரைக்குச் செத்து விழுந்தது. ஆபீஸ் பெங்களூரில், காக்ஸ் டவுன் மாடி ஒன்றில். லாரி பார்சல் கம்பெனி ஒன்றின் புக்கிங் மென்பொருள் அந்தச் சர்வரில்தான் ஓடியது. அது நின்றால் ஊர் ஊராக அவர்களுடைய கவுன்டர்கள் நிற்கும். எங்கள் போன் மட்டும் நிற்காது. திரையில் ஒரே புலம்பல்: மெமரி தீர்ந்துவிட்டது.

மேனேஜர் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள இது விழுறது நிக்கலைன்னா, உன் கன்ஃபர்மேஷன் லெட்டர் என் டிராயர்லயே தூங்கும்ப்பா."

எனக்குப் பதற்றம் வந்தால் மூளை லீவு போட்டுவிடும், கால்கள் ஓவர்டைம் பார்க்கும். திங்களன்று ஓடி ஓடி ரீஸ்டார்ட் செய்தேன். செவ்வாயன்று, சம்பந்தமே இல்லாத நெட்வொர்க்கைக் குற்றம் சொன்னேன். புதனன்று ஆளை வரவழைத்து மெமரியை இரண்டு மடங்காக்கி, மென்பொருளுக்கான வரம்பையும் உயர்த்தி, சர்வர் நெற்றியில் குங்குமமும் வைத்தேன். பதினொன்றரை தாண்டியது. எல்லோருக்கும் பாதுஷா வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மணிக்கு மறுபடி விழுந்தது. பாதுஷா இன்னும் பாதி மிச்சம்.

பக்கத்து சீட்டில் ஓர் அக்கா. இதே ஊர் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவர், கன்னடம் கலந்த தமிழ் பேசுவார், எனக்கு சீனியர்.

"சும்னே ஓடாத, உக்காரு. கவுன்டர் ஒம்போதுக்குத் தொறக்குறாங்க. முன்ன ரெண்டரை மணி நேரம் தாங்குச்சு. எடத்தை ரெண்டு மடங்காக்கினே, அஞ்சு மணி நேரம் தாங்குது. இன்னா அர்த்தம்? யாரோ எதையும் வெளிய போடாம சேத்து வெச்சினே கீறாங்க. நீ பெரிய வூடா பாத்துனு கீறே."

வியாழன் மதியம், விழுவதற்கு முன்பே, மெமரியில் இருந்ததையெல்லாம் அக்கா ஒரு கோப்பாக எடுத்துத் திறந்தார். முக்கால் இடத்தை ஒரே பட்டியல் அடைத்திருந்தது. கவுன்டர்களில் தேடிய ஒவ்வொரு பார்சலின் முழு விவரமும் அதில் சேர்ந்துகொண்டே போயிருந்தது, ஒன்றுகூட அழிக்கப்படவில்லை.

அந்தப் பட்டியலை உண்டாக்கும் வரியைத் தேடிப் பிடித்தோம். பக்கத்திலேயே ஒரு குறிப்பு: 'எதுக்கும் இருக்கட்டும்.' கீழே என் பெயரின் முதலெழுத்துகள். போன வாரம் ஒரு கவுன்டர்காரர் பார்சல் காணோம் என்று புகார் செய்ததால், துப்பறிவதற்காக நானே செருகி, சனிக்கிழமை நானே சர்வரில் ஏற்றிவிட்டது.

"அக்கா, யார் எழுதினதுன்னு சொல்லித்தான் ஆகணுமா?"

"நான் வாய் தொறக்க மாட்டேன்பா. ஆனா எந்த வரிய எடுத்தேன்னு மேனேஜர் கேப்பாரே, நீ இன்னா சொல்லுவே?"

வரியை நீக்கினேன். பிறகு மேனேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், பாதுஷா உட்பட. அவர் டிராயரை இழுத்துப் பூட்டினார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

வெள்ளியன்று மாலை ஆறு மணி வரை சர்வர் விழவில்லை. கடிதம் வந்தது, வழக்கத்தில் இல்லாத ஒரு வரியோடு: மூன்று மாதத்துக்கு, நான் எழுதும் எதையும் அக்கா பார்த்த பிறகே சர்வரில் ஏற்ற வேண்டும்.

அக்கா அதை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"தப்பு பண்ணது நீ. தண்டனை எனக்கா?"