முதல் மெழுகுவத்தி யாருக்கு?

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது ஒன்பது, வளர்த்து ஆளாக்கியது ஏழு. பெண்கள் வயதைக் குறைத்துச் சொல்வார்கள் என்பீர்கள். நான் குறைக்க மாட்டேன். குறைத்தால் நஷ்டம் எனக்குத்தான். எப்படி என்று கேளுங்கள்...

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் கோயில் சின்னது. கோபுரம் கிடையாது. ஓட்டுக் கூரை, மேலே ஒரு சிலுவை. கிறிஸ்துமஸ் அன்று விடிவதற்கு முன்பே அங்கே ஆராதனை. பீடத்தில் இருக்கும் ஒரு விளக்கைத் தவிர வேறொன்றும் எரியாது. சபையில் வயதில் மூத்த பெண் எழுந்து போய், அதில் தன் மெழுகுவத்தியைக் கொளுத்தி வருவாள். அவளிடமிருந்து அடுத்தவள், அவளிடமிருந்து அடுத்தவள்... கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும்போது கிழக்கு வெளுத்திருக்கும்.

எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது. மார்கழியில் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். அறுந்த இழை கண்ணுக்குத் தெரியாது, கைவேலை நின்றுபோகும். இருட்டு மாசத்தில் வெளிச்சம் பிறந்தது என்று எங்கள் சபைப் போதகரான ஐயர் பிரசங்கம் செய்தால், நெசவுக்காரர்களுக்கு அதற்குமேல் விளக்க வேண்டுமா?

அந்த முதல் மெழுகுவத்தி சில வருஷங்களாக என்னுடையது. இந்த வருஷம் அரக்கோணத்திலிருந்து சலோமி வந்து சேர்ந்தாள். எங்கள் பள்ளிக்கூட வாத்தியாரின் தாயார். மகனோடு இருக்க வந்தவள் சும்மா இருக்கக் கூடாதா? தனக்கு எழுபத்தைந்து முடிந்துவிட்டது என்று ஐயரிடம் சொல்லிவிட்டாள்.

எழுபத்தைந்தா? தலைமுடி பாதிக்குமேல் கறுப்பு. பல் ஒன்றுகூட விழவில்லை. அவள் முறுக்குக் கடித்தால் எங்கள் தெருவுக்குக் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில், ஐயர் முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

"எழுபத்தஞ்சுன்னா இவ்ளோ பல்லு எப்படிமா இருக்குது?"

"கர்த்தர் குடுத்தது அக்கா. உன்னுது எடுத்துக்கினாரு, என்னுது விட்டு வச்சிக்கிறாரு."

"அக்கான்னு நீயே சொல்லிட்ட பாரு. கேட்டீங்களா ஐயரே, அவ வாயாலயே வந்துச்சு."

"மரியாதைக்குச் சொன்னா வயசு ஏறிடுமா? கீரைக்காரன் என்னை ஆயான்னுதான் கூப்புடறான். அவனுக்கு நான் பாட்டியா?"

ஐயர் சிரித்தார். சிரித்ததோடு விட்டாரா? "அவங்க சொல்றத நம்புவோம்மா. இந்த வருஷம் அவங்க கொளுத்தட்டும்" என்று முடித்துவிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கிறிஸ்துமஸ் வந்தது. தெருவில் மார்கழி பஜனை ஒரு பக்கம் போக, நாங்கள் போர்வையும் கையுமாக இன்னொரு பக்கம் போனோம். சலோமி எழுந்து பீடத்துக்குப் போனாள். மெழுகுவத்தியைக் கொளுத்தினாள். மெழுகு வழிந்து விரலில் விழுந்தது, முகம் சுளிக்கவில்லை. முன்வரிசையில் முதல் ஆள் நான். நேராக என்னிடம் வந்து நின்றாள்.

"திரியைக் காட்டு அக்கா."

நான் காட்டவில்லை. மெழுகுவத்தியை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் என் நினைப்பு எங்கே போனது தெரியுமா? எனக்கு முன்பு மூத்தவளாக இருந்தவள் கண்ணை மூடியதால்தான் அந்த இடம் எனக்கு வந்தது. அது எனக்குத் திரும்பி வர வேண்டுமானால் சலோமி என்ன ஆக வேண்டும்? கிறிஸ்து பிறந்த நாளில், கோயிலுக்குள் உட்கார்ந்துகொண்டு, ஒருத்தியின் சாவை எண்ணிக்கொண்டிருந்தேன் நான். வெளியே இருந்த மார்கழி இருட்டு இதற்கு முன்னால் எம்மாத்திரம்?

பின்னாலிருந்து கைக்குழந்தைக்காரி ஒருத்தி தோளைத் தொட்டாள்.

"ஆயா, நீ கொளுத்தினாத்தானே எங்களுக்கு வரும்? புள்ள இருட்டுல அழுவுது."

திரும்பிப் பார்த்தேன். வரிசை வரிசையாகக் கொளுத்தாத மெழுகுவத்திகள். எல்லாரும் என்னால் காத்திருந்தார்கள். என் கையைத் தாண்டித்தான் வெளிச்சம் அவர்களிடம் போக வேண்டும்.

நீட்டினேன். பற்றிக்கொண்டது. எனக்குக் கொடுத்ததில் சலோமியுடைய சுடர் கொஞ்சமாவது மங்குகிறதா என்று உற்றுப் பார்த்தேன். மங்கவில்லை. அந்தச் சின்னத் திருப்திகூட எனக்கு வாய்க்கவில்லை. திரும்பிக் குழந்தைக்காரிக்குக் கொடுத்தேன். குழந்தை அழுகையை விட்டுவிட்டுச் சுடரையே பார்த்தது.

இந்தப் பண்டிகையே ஒரு குழந்தையால் வந்ததுதான். அந்த மாட்டுக் கொட்டகையில் இருந்தவர்களில் எல்லாருக்கும் இளையவர் அவர். மூத்தவர் யார் என்று விசாரித்துக்கொண்டு வெளிச்சம் வரவில்லை. இது எனக்குப் புரிகிறது. புரிந்துவிட்டால் பொறாமை போய்விடுமா? போகவில்லை.

ஆனாலும் தினமும் ஜெபத்தில், சலோமிக்கு நீண்ட ஆயுசு கொடும் என்று கேட்கிறேன். மனசில்லாமல்தான் கேட்கிறேன். கேட்காமல் விட்டால் அந்த இருட்டு மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்ற பயம்.

எனக்கு என் பேரை எழுதத்தான் தெரியும். மீதியெல்லாம் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதியது. மேரி கண்ணு, ஒரு தபா படி, கேப்போம். அந்த சலோமியப் பத்தி நல்லதா எங்கனா வந்துடுச்சா பாரு...