சுபஹுக்குப் பின் ஒரு வரிக் கல்

சாய்ந்தமருதில் மேசன் மீராசாவின் கை படாத வீடு குறைவு. அங்கே பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் முதலில் அவளுக்கென்று வீடு எழும்ப வேண்டும். மாப்பிள்ளை வந்து குடியிருப்பது அந்த வீட்டில்தான். ஊர்க் குமருகளுக்கெல்லாம் சுவர் எழுப்பிய மனிதர், தன் மூத்த மகள் நஸீறாவுக்கு அத்திவாரம் போட்டதோடு நின்றுவிட்டார்.

கல் இல்லையா? முற்றத்தில் பாசி பிடித்து அடுக்கிக் கிடந்தது. கேட்டால், "இன்ஷா அல்லாஹ், கையில இரிக்கிற வேல முடியட்டும்" என்பார். தன் சோம்பலுக்கு அல்லாஹ்வின் பெயரையா சாட்டுச் சொல்வது? எழுபத்தெட்டில் சூறாவளி அடித்தது. ஊரே கூரையின்றிக் கிடந்தபோது சொந்த வேலையை யார் கேட்கப் போகிறார்கள்? மனிதருக்கு அது வசதியாகப் போய்விட்டது.

எண்பதில் மருதமுனையிலிருந்து சபியா உம்மா தன் மகனுக்கு நஸீறாவைக் கேட்டு வந்தாள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, புல் மூடிய அத்திவாரத்தைப் பார்த்துவிட்டு மீராசாவிடம் திரும்பினாள்.

"ஊடு எங்க காக்கா? எங்கட மகன் இந்தப் புல்லுக்குள்ளயா வந்து இரிக்கிற?"

சம்பந்தம் அத்தோடு போனது. நஸீறா அழவில்லை. வாப்பாவோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டாள். அதுதான் அவரைப் போட்டு அறுத்தது.

ஒரு நாள் விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வந்தவர் பாயில் சாயவில்லை. சாரனை மடித்துக் கட்டி, அந்த அத்திவாரத்தின் மேல் ஒரு வரிக் கல் வைத்தார். பிறகுதான் ஊர்வேலைக்குப் போனார். அன்று தொடங்கியது, தொழுகையைப் போலவே விடாத வழக்கமாகிவிட்டது. மழைக்குப் படங்கு கட்டிக்கொண்டு வைத்தார். காய்ச்சலில் நடுங்கிய நாளில் ஒரு கல்லையாவது வைத்துவிட்டுத்தான் படுத்தார்.

சுவர் எழும்பி, காசு சேர்ந்து ஓடு ஏறி, கதவு மாட்டுவதற்குள் சில வருஷங்கள் ஓடின. நஸீறாவைக் கேட்டு யாரும் வரவில்லை. தங்கை றாஹிலாவைக் கேட்டுத்தான் வந்தார்கள். மூத்தவள் இருக்கிறாளே, கொஞ்சம் பொறுப்போம் என்று மீராசா பழையபடி இழுத்தார்.

நஸீறா புது வீட்டுப் பூட்டின் திறப்பை அவர் கையில் வைத்தாள்.

"தங்கச்சிக்குக் குடுங்க வாப்பா. பிந்தினது என்னோட காணும், அவளுக்கும் பிந்த வேணாம்."

மீராசா அதை வாங்கிக்கொண்டார்.

றாஹிலாவின் நிக்காஹ் முடிந்த மறுநாள், சுபஹு தொழுதுவிட்டு வந்தவர் வளவின் மறுபக்கத்தில் மண்ணை வெட்டத் தொடங்கினார். யாருக்கு வாப்பா என்று நஸீறா வந்து கேட்டாள்.

அவர் நிமிரவில்லை. "உனக்குத்தான் புள்ள. மாப்புள வந்தாலும் வராட்டியும் இது உன்ட ஊடு."