படிபூஜைக்கு ஒரு மணி நேரம் போதாது

திருத்தணி மலைப் படிகளில் பூஜை செய்துகொண்டே பாதி தூரம் ஏறியிருந்த ஒரு பெண்ணை, வண்டி கிளம்புகிறது என்று சொல்லிக் கீழே இறக்கினார்கள். அது தவறு. அந்தப் பெண் என் மனைவி லோகநாயகி. இறக்கியவர், ஒரே நாளில் ஐந்து கோயில் காட்டுகிறேன் என்று வேனில் ஆள் சேர்த்துக் கூட்டிப் போனவர். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர் இதுவரை வருத்தம் தெரிவிக்கவில்லை. நானும் மறக்கவில்லை.

படிபூஜை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு படியிலும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு துண்டு கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும். திருத்தணியில் வருடத்து நாளுக்கு ஒன்றாக முந்நூற்று அறுபத்தைந்து படிகள். மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனால் இதைச் செய்வதாக லோகநாயகி வேண்டிக்கொண்டிருந்தாள். பிரசவம் நல்லபடியாக ஆனது. வேன்காரரிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொன்னோம். தாராளமாகச் செய்யுங்கள் என்றார். மலைக்கு வந்ததும் ஒரு மணி நேரம் என்றார். அவள் அவசர அவசரமாகச் செய்து பாதி ஏறியிருந்தாள். அந்த நேரம் முடிந்ததும் படிக்கே ஏறி வந்து நின்றார்.

"அம்மா, மீதிக்கெல்லாம் சேத்து இங்கயே ஒரு கட்டி கொளுத்திடுங்க. முருகன் இன்னா எண்ணிகினா இருக்காரு?"

வேனில் காத்திருந்தவர்களின் முகத்துக்குப் பயந்து அவள் அப்படியே கொளுத்திவிட்டு இறங்கினாள். இப்போது பேத்தி நடக்கவே ஆரம்பித்துவிட்டாள். வேண்டுதல் மட்டும் பாதிப் படியில் நின்றது.

போன மாதம் மருத்துவர் அவளுடைய முட்டி ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். அதற்குப் பிறகு தரையில் குனிந்து உட்காரும் வேலையே கூடாது என்றார். ஆகவே செய்தால் இப்போதுதான், விட்டால் இல்லை. அதனால்தான் இந்தப் பயணம்.

நான் அம்பத்தூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவன். பள்ளிப் படிப்பு ஆறாவதோடு சரி. எழுதுவதும் இந்த இணையதளத்தை நடத்துவதும் நானாகக் கற்றுக்கொண்டவை. குறை இருந்தால் எழுதுங்கள், படிப்பேன். மாற்றிக்கொள்வேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை.

செவ்வாய், கிருத்திகை, விடுமுறை எல்லாவற்றையும் தவிர்த்து ஒரு புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். மறுநாள் வியாழன் மாலை நான்கு மணிக்கு என் மகனின் மைத்துனனுக்கு நிச்சயதார்த்தம். முடிந்தால் வருகிறோம் என்று மகனிடம் சொன்னேன். வருகிறோம் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

அம்பத்தூரிலிருந்து திருத்தணிக்கு நேராக மின்சார ரயில் இருக்கிறது. மதியம் ஒன்றரைக்கு ஏறினோம். கூட்டமில்லாத நேரம் என்பதால் இருவருக்கும் ஜன்னலோரம் கிடைத்தது. மணவூரில் மல்லிகைக் கூடைகளோடு இருவர் ஏறினார்கள், பெட்டியே மணத்தது. அரக்கோணத்தில் ரயில் நகராமல் நின்றுவிட்டது. எதிர் இருக்கைக்காரர் நிமிடத்துக்கு ஒருமுறை கதவுக்குப் போய் சிக்னலை எட்டிப் பார்த்தார். அவர் பார்த்ததால் அது பச்சையாகவில்லை. லோகநாயகி டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட ஆரம்பித்தாள். கடைசிப் பருக்கைவரை உட்கார்ந்தே சாப்பிட்டாள். வீட்டில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது அபூர்வம். ஒரு கையில் தட்டு இருக்கும், மறு கை அடுப்பில் இருக்கும்.

திருத்தணி நிலையத்திலிருந்து மலையடிவாரத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய் கேட்டார்கள், எழுபது கொடுத்தேன். சரவணப் பொய்கைக்குப் பக்கத்தில் இரண்டு கட்டில் உள்ள சாதாரண அறை, ஒரு நாளைக்கு எண்ணூறு. வெந்நீர் காலையில் மட்டும். அன்று வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தோம். இதற்குக் கட்டணம் கிடையாது, வேன்காரர்களின் பட்டியலிலும் கிடையாது.

மறுநாள் விடிந்ததும் அடிவாரக் கடையில் மஞ்சள்தூள், குங்குமம், கற்பூரம் வாங்கினோம். மொத்தம் நானூற்று இருபது ரூபாய். கடைக்கார அம்மா கற்பூரத்தை எடைபோட்டுக்கொண்டே லோகநாயகியின் முட்டியில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்தார்.

"இந்தக் கால வெச்சிகினு முழு படியுமா செய்யப்போற?"

"ஆங், முழுசுந்தான்."

நான் குறுக்கிட்டேன். பாதியைப் போன வருடமே செய்தாயிற்று, இறக்கிவிட்டது அவர்கள் குற்றம், ஆகவே விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும், நியாயமும் அதுதான் என்றேன்.

"உங்க நியாயத்த கடைல வெச்சிட்டு வாங்க," என்றாள் லோகநாயகி. "பாதில ஆரம்பிச்சா அதுவும் பாதிதான்."

கடைக்கார அம்மா சிரித்துவிட்டு, கேட்காமலே இன்னொரு பொட்டலம் கற்பூரத்தைப் பையில் போட்டார். முதல் படியில் அவள் உட்கார்ந்தபோது மணி ஆறு.

அவள் செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். படியில் கையால் ஒருமுறை தூசு தட்டுவாள். குழைத்த மஞ்சளை மூன்று விரலால் இழுப்பாள். குங்குமம் வைப்பாள். கற்பூரம் பற்றியதும் கும்பிட்டுவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்து எழுந்து, ஒரு படி ஏறி மறுபடியும் உட்காருவாள். என் வேலை தண்ணீர்ப் பாட்டிலும் பையும் தூக்குவது, ஏறி வருகிறவர்கள் ஈர மஞ்சளை மிதிக்காமல் பார்த்துக்கொள்வது. இரண்டாவது வேலையில் எனக்கு மூன்று நான்கு சண்டை ஆயிற்று. கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டே ஓடி வந்தவர்களிடம் போட்ட சண்டைக்கு நான் வருந்தவில்லை. நகரிப் பக்கத்திலிருந்து வந்த தெலுங்குக்காரப் பெண்கள் சிலர் மட்டும் ஓரமாக ஒதுங்கி நடந்து, "மெல்லகா அம்மா, மெல்லகா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மெதுவாகச் செய் என்று அர்த்தம்.

போன வருடம் நிறுத்திய இடம் வந்தது. பக்கத்து மண்டபத்துத் தூணை வைத்து எனக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது. ரத்தம் கொதித்தது. "இதோ, இங்கதான் அந்த ஆளு வந்து நின்னான்," என்றேன்.

"எங்க நின்னா இன்னாங்க? இப்ப நீங்கதான் நிக்கிறீங்க. தள்ளுங்க, படி வேணும்."

தள்ளி நின்றேன்.

ஒன்பதரை மணிக்கு மேலிருந்து ஒருவர் படியிறங்கி வந்தார். அரக்கோணத்துக் கார் ஓட்டுநர் காதர் பாய். எங்களை மதியத்துக்குள் அம்பத்தூரில் சேர்ப்பதற்காக, என்னைக் கேட்காமல் மகன் அமர்த்திய கார். சாலை வழியாக மலை உச்சியில் வண்டியை நிறுத்திவிட்டு எங்களைத் தேடி வந்திருக்கிறார். அவர் பேசுவதற்குள் மகனே கைப்பேசியில் வந்தான்.

"அப்பா, கார் வந்துட்ச்சா? மேல போயி சாமி பாத்துட்டு உடனே கெளம்புங்க. அம்மாவ எதுக்கு இந்தக் காலோட ஏத்தினு இருக்கீங்க?"

"நான் ஏத்தல. அவ ஏறிகினு இருக்கா."

"சாயங்காலம் அவங்க வீட்ல எல்லாரும் கேப்பாங்கப்பா."

"கேட்டா படில இருக்காங்கன்னு சொல்லு."

"இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்?"

"அத படிகிட்டதான் கேக்கணும்."

அவன் வைத்துவிட்டான். காதர் பாய் தலையைச் சொறிந்தார். "சார், நான் வேணா வண்டி பஞ்சருன்னு சொல்லிடட்டா?"

"வேணாம். பெரியவரு வர மாட்டன்றாருன்னு உள்ளத சொல்லுங்க."

"அதுவும் சரிதான். அப்ப நான் சீட்ட சாய்ச்சிகினு தூங்கறேன். முடிஞ்சதும் கண்ணாடிய தட்டுங்க. ஹார்ன் மட்டும் அடிச்சிடாதீங்க சார், எழுந்து ஓட்ட ஆரம்பிச்சிடுவேன்." சிரித்துக்கொண்டே மேலே போனார்.

அதற்குப் பிறகு நடந்ததையும் எழுதுகிறேன், பயணம் போகிறவர்களுக்கு உபயோகப்படும். வெயில் ஏறிவிட்டது. அவள் முகம் சுருங்குவது தெரிந்தது. மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நான் முன்னால் போய் ஏழெட்டுப் படிகளுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கற்பூரமும் ஏற்றிவிட்டேன். உதவி என்று நினைத்துச் செய்தேன். அது உதவிதான் என்பதே இன்றும் என் கட்சி. அவள் அந்தப் படிகளுக்கு வந்தாள். முந்தானையை நனைத்தாள். நான் வைத்ததையெல்லாம் துடைத்தாள்.

"ஏன் தொடைக்கிற?"

"அந்த வேன்காரர் சேத்து கொளுத்தச் சொன்னாரு. நீங்க முன்னாடி போயி கொளுத்தறீங்க. ரெண்டு பேருக்கும் இன்னா அவசரம்? கால் என்னிது. வலி என்னிது. உங்களுக்கு எங்க குத்துது?"

கிண்ணத்தை அவளிடம் கொடுத்துவிட்டு ஒரு படி கீழே போய் நின்றேன். அங்கே நின்றபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். காலையிலிருந்து அவள் ஒருமுறைகூட மேலே நிமிர்ந்து, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவன் நான். நானும் பார்ப்பதை நிறுத்தினேன். வெயில் அதேதான், படிகளும் அதேதான், ஆனால் அதற்குப் பிறகு நேரம் இழுக்கவில்லை.

கடைசிப் படியில் கற்பூரம் எரிந்தபோது மணி பன்னிரண்டரை தாண்டியிருந்தது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். "பசிக்குது," என்றாள். பொது வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று சாமி பார்த்தோம். அன்னதானத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். காதர் பாயின் கண்ணாடியைத் தட்டினோம். நிச்சயதார்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தட்டு மாற்றி முடித்திருந்தார்கள். மகன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அது அவன் இஷ்டம்.

வீட்டில் இப்போது ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். இரண்டு வேளையும் நாங்கள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அடுப்பில் எது இருந்தாலும் அணைத்துவிட்டுத்தான் அவள் உட்கார வேண்டும். முதல் இரண்டு நாள் எழுந்து எழுந்து ஓடினாள். இப்போது உட்காருகிறாள்.

இனி யார் யார் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரே நாளில் ஐந்து கோயில் காட்டும் வேன்காரர்கள், படிபூஜை வேண்டுதல் உள்ளவர்களை ஏற்றவே கூடாது. ஏற்றினால் முடியும்வரை நிற்க வேண்டும். என் மனைவியை இறக்கியவர் அவளிடம் நேரில் வந்து வருத்தம் தெரிவிக்க வேண்டும். எங்கள் வீடு அவருக்குத் தெரியும், அங்கேதான் வந்து ஏற்றிக்கொண்டார்.

பிள்ளைகள், பெற்றோரைக் கேட்காமல் கார் அனுப்பக் கூடாது.

படியேறுகிறவர்கள் ஈர மஞ்சளைக் கண்டால் ஓரமாக நடக்க வேண்டும். படம் பிடிப்பதை உச்சியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

படிபூஜை செய்யப் போகிறவர்கள் முதல் நாளே வந்து தங்க வேண்டும். விடியும்போது தொடங்க வேண்டும், பத்து மணிக்கு மேல் கல் சுடும். உட்கார ஒரு கோணித்துண்டு, போதுமான தண்ணீர், கணக்குக்கு மேல் ஒரு பொட்டலம் கற்பூரம் கொண்டுவர வேண்டும். அன்று வேறு எந்த விசேஷத்துக்கும் வருவதாக ஒப்புக்கொள்ளக் கூடாது.

கூடப் போகிற கணவன்மார்கள் ஒரு படி கீழேயே நிற்க வேண்டும். நானும்தான்.

லோகநாயகி செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. அவள் செய்து முடித்துவிட்டாள்.