பச்சைத் தண்ணீர் என்று சொல்லியிருக்கலாம்

இத்தாலிக்காரர்கள் கோதுமை மாவைப் பச்சைத் தண்ணீரில் பிசைகிறார்கள் என்று ஓசூர்ப் பக்கத்தில் முதலில் தெரிந்துகொண்டவள் அநேகமாக நானாகத்தான் இருப்பேன். தெரிந்துகொண்டதை அடுத்தவளுக்குச் சொல்லாமல் விட்டவளும் நானே. நாளெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிறவள், பேச வேண்டிய இடத்தில் ஒரு சொல்லை விழுங்கிவிட்டேன். ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்பார்கள். எனக்கு அது பலிக்கவில்லை.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. மூக்கண்டப்பள்ளிக்கு இந்தப் பக்கம், பெங்களூர் ரோட்டை ஒட்டி, இன்று கம்பெனிச் சுவர்கள் நிற்கிற இடத்தில், அன்று பெண்களுக்கான ஒரு பயிற்சி இல்லம் இருந்தது. எட்டாவது முடித்த பெண்களைச் சேர்த்து ஆறு மாதம் தையல், சமையல், பிள்ளை வளர்ப்பு எல்லாம் சொல்லிக்கொடுத்து, கிராமங்களுக்கு வேலைக்கு அனுப்புவார்கள். முடித்துப் போகிறவள் கையில் பையும் காலில் செருப்புமாகப் பஸ் ஏறுவதை நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். நான் அங்கே காய் நறுக்குகிறவள். ஐந்தாவதோடு நின்றுபோனவள். அதற்குமேல் படித்ததெல்லாம் பால் பவுடர் டின்களின் மேல் அச்சடித்திருந்த இங்கிலீஷ்தான். தமிழ் வீட்டில் பேசினேன், தெலுங்கு பக்கத்து வீட்டில் பிடித்தது, கன்னடம் சந்தையில். எங்கள் ஊரில் மூன்று பாஷை பேசுவது ஒரு படிப்பே இல்லை, கத்தரிக்காய் பேரம் பேசத் தேவைப்படுகிற சாமான், அவ்வளவுதான்.

ஆனால் இல்லத்து வார்டனம்மாவுக்கு அது தேவைப்பட்டது. பெங்களூரிலிருந்து பன்னிரண்டு கல்லூரி மாணவிகள் கிராமம் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர்களுக்குச் சமையல் கற்றுத்தருகிற இத்தாலியக் கன்னியாஸ்திரீ இரண்டு நாள் முன்னதாகவே வந்து இறங்கிவிட்டார். முதல் நாள் எல்லாரும் கையால் பாஸ்தா செய்வது, மறுநாள் எங்கள் பெண்கள் அவர்களுக்குக் களி கிளறக் கற்றுத்தருவது. கொடுக்கல் வாங்கல் சரியாக இருக்க வேண்டும் என்பார் வார்டனம்மா. பாஸ்தாவை இன்று பேரப்பிள்ளைகள்கூடப் பேர் சொல்லிக் கேட்கிறார்கள். அன்று அது என்ன என்று எங்களுக்குத் தெரியாது. சேமியாவுக்குப் பெரியப்பா என்று நானே ஒரு விளக்கம் வைத்துக்கொண்டேன்.

“சிஸ்டர் பேசறத நீதான் நம்ம பொண்ணுங்களுக்கு அவங்கவங்க பாஷையில எடுத்துச் சொல்லணும்” என்றார் வார்டனம்மா. “வகுப்பு நல்லபடியா முடியட்டும். எட்டாவது இல்லைன்னாலும் அடுத்த செட்டுக்கு உன் பேர நான் எழுதி அனுப்பறேன்.”

அந்த ஒரு வாக்கியத்தைத் தலையணை மாதிரி வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி படுத்தேன்.

சிஸ்டருக்கும் இங்கிலீஷ் அரைகுறை, எனக்கும் அரைகுறை. அதனாலேயே ஒருவருக்கொருவர் நன்றாகப் புரிந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஒரு பிடி மாவில் எனக்குச் செய்து காட்டினார். மைதா, முட்டை, உப்பு. மாவு இறுகினால் மட்டும் ஒரு துளி பச்சைத் தண்ணீர். பானைத் தண்ணீரில் என் விரலை முக்கிக் காட்டி, “கோல்ட், கோல்ட்” என்று இரண்டு தரம் சொன்னார். பிசைந்த உருண்டையை ஈரத்துணி போட்டு மூடி வைத்தார். பிறகு அப்பளக் குழவியால் தேய்த்தால் அது இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்தது, பட்டுத்துணி மாதிரி. அதை நாடா நாடாவாக வெட்டினார். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

வகுப்பு அன்று காலை சிஸ்டர் நாலு படி மைதாவைப் பெரிய தாம்பாளத்தில் கொட்டி, முட்டைகளை உடைத்து ஒரு குண்டானில் அடித்து வைத்துவிட்டு, கூடத்துக் கரும்பலகையில் படம் வரையப் போனார். அப்போது சைக்கிளில் ஒருவர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். மாணவிகளின் பஸ்ஸை ஜூஜுவாடிச் சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்களாம். பெட்டியில் ஏதோ பாட்டில் இருக்கிறதாம்.

அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யத்தில் கடை திறந்திருக்கும், இந்தப் பக்கம் மதுவிலக்கு. பாட்டில் என்றாலே போலீஸுக்குக் கண் சிவக்கும். “மூணு பாஷையும் தெரிஞ்சவ நீதான், ஓடு” என்றார் வார்டனம்மா. நான் கையைத் துடைத்துக்கொண்டே சமையல் அக்காவிடம், “அக்கா, மாவப் பிசைஞ்சு ஈரத்துணி போட்டு வைய்யி, வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு, கற்றாழை நார் ஏற்றிப்போன லாரியில் தொற்றிக்கொண்டேன்.

சாவடியில் மாணவிகள் பஸ்ஸுக்குள் வெந்துகொண்டிருந்தார்கள். கான்ஸ்டபிள் பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா சரக்கு இது?”

“எண்ணெய்ங்க. சமையலுக்கு.”

“எண்ணெய்யி இன்னாத்துக்குப் பச்சையா கீது?”

“இத்தாலி சிஸ்டருக்குங்க. அவங்க ஊர்ல ஆலிவ்னு ஒரு காய் பிழியறாங்களாம். அதுல வர்ற எண்ணெய்ங்க.”

மூடியைத் திறந்து மோந்தார். உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்தார். முழங்கையில் பூசினார். இன்னொரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு அவர் மீசையிலும் தடவிப் பார்த்தார்கள். “சோப்புக்கு ஆகும் போல” என்றார் அவர். ஜன்னலோரத்து மாணவி ஒருத்தி கன்னடத்தில், “நம்மைக் கொண்டுபோய் ஜெயிலில் வைத்துப் பொரித்துவிடுவார்கள்” என்று முனக, பஸ் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு தன்னைப் பார்த்துத்தான் என்று நினைத்து, பெரிய அதிகாரி வரட்டும் என்று கான்ஸ்டபிள் உட்கார்ந்துவிட்டார். பெரியவர் வந்து பாட்டிலை முகர்ந்து, “அடச்சீ” என்று திருப்பிக் கொடுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் கால் பாட்டில் காவல்துறையின் தோலுக்குள் போய்விட்டது.

‘அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது’ என்று சும்மாவா சொன்னார்கள்? என் அண்டா சமையலறையில் காத்துக்கொண்டிருந்தது.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது சிஸ்டர் தாம்பாளத்துக்கு முன்னால் நின்றார். ஈரத்துணி விலகிக் கிடந்தது. மாவு உருண்டை இல்லை, ஒரு மேடு இருந்தது. ஈரக் களிமண் மாதிரி பளபளப்பு, அதில் அங்கங்கே மஞ்சளும் வெள்ளையுமாக வெந்த முட்டைத் துணுக்குகள். பக்கத்தில் காலியான வெந்நீர்ச் சொம்பு.

எங்கள் பக்கத்தில் மாவு என்றால் கொதிநீர். கேழ்வரகு மாவானாலும் அரிசி மாவானாலும் ஒரு கரண்டி கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறிய பிறகுதான் கை வைப்போம். ‘மாவு பிசை’ என்றாலே அதற்குள் அடுப்பும் வந்துவிடும். மாவைப் பச்சைத் தண்ணீரில் பிசையலாம் என்பது அக்காவுக்குக் கனவிலும் வராது. முந்தின நாள் சாயங்காலம் வரை எனக்கும் வந்ததில்லை.

நானே இழுத்துப் பார்த்தேன். புட்டுக்கொண்டு வந்தது. குழவியால் தேய்த்தால் பாதி குழவியோடு போனது, பாதி பலகையோடு நின்றது. மைதா வேறு இல்லை. இல்லத்தில் இருந்த கோதுமையை மிஷினில் அரைத்து வரச் சொன்னார் வார்டனம்மா. அங்கே கேழ்வரகு அரைத்த கல்லிலேயே போட்டுவிட்டார்கள். வந்த மாவு யானைத் தோல் நிறம். பிசைவதற்கு முட்டையும் மிச்சமில்லை. மாணவிகள் முழங்கை வரை மாவோடு, வெட்ட வெட்ட அறுந்துபோகும் கறுத்த நாடாக்களைத் துணிக்கொடியில் போட்டார்கள். காற்றடித்தது. பாதி மண்ணில் விழுந்தது. கோழிகளுக்கு அன்று திருவிழா.

“சிஸ்டர், இத்தாலியில் கோழிகள் ரொம்பக் கொழுத்திருக்குமா?” என்று ஒரு மாணவி கேட்டாள். சிஸ்டர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. இரண்டு நாளாக எனக்கு அவர் காட்டிய அக்கறையெல்லாம் அந்த முகத்தில் வாடிப்போய் நின்றது.

“யார் இந்த மாவுல வெந்நீர் ஊத்தினது?” வார்டனம்மாவின் குரல்.

“நான்தாம்மா” என்றாள் அக்கா, கொஞ்சமும் அசையாமல். “முட்டைக் கவிச்சி போவணும்ல? நல்லா கொதி கொதின்னு ஊத்தினேன். பச்சத் தண்ணில பிசைஞ்சா புள்ளைங்களுக்கு வயித்து வலி வராதா?”

“நாளையிலேருந்து நீ வர வேண்டாம்.”

அக்கா வாங்கிப்போகும் மிச்சச் சோற்றில் வீட்டில் மூன்று பேர் சாப்பிட்டார்கள். சிஸ்டர் என்னைப் பார்த்து, அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். அக்கா சொன்னதை மட்டும் அப்படியே இங்கிலீஷில் திருப்பியிருந்தால் போதும். பொய்யும் இல்லை. என் பேர் எழுதப்படும், நானும் ஒரு நாள் செருப்புப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். ஆனால் என் விரலை அந்தப் பானைத் தண்ணீரில் முக்கியவரல்லவா கேட்கிறார்?

“ஐ நோ கோல்ட்,” என்றேன். “ஐ நாட் டெல் ஹர்.” பிறகு வார்டனம்மாவிடம் தமிழிலும் சொன்னேன். “அக்கா மேல தப்பில்லம்மா. நான்தான் சொல்லாம போயிட்டேன்.”

வார்டனம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மூணு பாஷை பேசற. இப்ப நாலாவதும் பேசற. அடுப்பாண்ட நிக்கறவகிட்ட ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரல.”

அவ்வளவுதான். என் பேரைப் பற்றி அவர் அதற்குப் பிறகு பேசவில்லை.

எரிச்சல் அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பசியில் மாணவிகள் முகம் சுருங்கியதைப் பார்த்த அக்கா, யாரையும் கேட்காமல் அந்த வெந்த மாவில் வெங்காயம், பச்சை மிளகாய் அரிந்து போட்டு, கல்லில் அடையாகத் தட்டினாள். சுற்றி ஊற்றியது அந்தப் பச்சை எண்ணெய். இல்லம் முழுக்க வாசனை. மாணவிகள் சூடு பொறுக்காமல் கை உதறி உதறித் தின்றார்கள். சிஸ்டர் ஒரு வாய் பிட்டுப் போட்டுக் கண்ணை மூடினார், இன்னொன்று கேட்டார். வார்டனம்மா மூன்று சாப்பிட்டார், நான் எண்ணினேன். அக்காவின் கைமணத்தைப் புகழ்ந்தார்கள். நான் தட்டுக் கழுவினேன்.

அடுத்த செட்டுக்கான பட்டியல் போயிற்று. என் பேர் அதில் இல்லை. அதற்கடுத்த செட் வருவதற்குள் இல்லத்தையே ஊத்தங்கரைப் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

வகுப்பு நடந்த அன்று சாயங்காலம் நானும் அக்காவும் ரோட்டோரம் நடந்துபோனோம். அவள் தூக்குச் சட்டியில் நாலு அடை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உன் வேலையாவது தப்பியதே என்றேன்.

“ஏன் புள்ள, உன்ன யாரு வாயத் தொறக்கச் சொன்னது?” என்றாள் அக்கா. “நான்தான் ஒத்துகினனே.”

“உன்ன வர வேணாம்னு சொன்னாங்களே அக்கா!”

“அது மாசத்துக்கு ரெண்டு வாட்டி சொல்றதுதான். வெல்லம் ஜாஸ்தி போட்டா ஒரு வாட்டி, உப்பு போட மறந்தா ஒரு வாட்டி. விடிஞ்சா காப்பிக்கு அடுப்ப யாரு பத்த வெப்பாங்க, அவங்களா? நீ இடையில பூந்து உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுகினியே.”

எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. ஒரு அடையை எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்றேன். கொஞ்ச தூரம் போனதும் வாங்கித் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.