சுவாவெலுவுக்குத் திறக்காத கல்லறை

சுவாவெலுவைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவள்மேல் இல்லை, என் வீட்டுக்காரர் லெமேனா மேல். ஊரில் கோல் பிடித்து முறை சொல்லும் பெரியவர் அவர்தான். அவளுக்கு அவர் அண்ணன் முறை வேறு.

மலைச்சரிவில் நெல் விதைத்து, நாலு கிராம்பு மரம் வைத்துத் தனியாகப் பிழைத்தவள் சுவாவெலு. ஒரே மகள் வூலா சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளை கிடப்பது, ஒவ்வொரு சாவுக்கும் கதவுக்கல்லைத் திறந்து உள்ளே வைக்கும் எங்கள் குடும்பக் கல்லறையில். "என்னையும் அவ பக்கத்துல போட்டுடுங்க அண்ணி, வேற ஒண்ணும் வேணாம்" என்று நெல் அறுக்கும்போதுகூடச் சொல்வாள்.

அவள் வயலுக்கு மேலே காட்டில் ஒரு பாபகோத்தோக் குடும்பம் இருந்தது. கறுப்பும் வெள்ளையுமாய், பேருக்கு ஒரு கட்டை வாலோடு இருக்கும் பெரிய லெமூர். நின்றவாக்கிலேயே மரத்துக்கு மரம் தாவும், தரைக்கு அபூர்வமாகத்தான் இறங்கும். காலையில் குடும்பமே சேர்ந்து கூவினால் மலை முழுக்க ஒப்பாரி வைத்த மாதிரி இருக்கும். தளிரைப் பெண்தான் முதலில் தின்னும், ஆண் காத்திருக்கும். "பாத்துக்கங்கண்ணே, நியாயம் மரத்துமேலதான் இருக்கு" என்று அவள் என் வீட்டுக்காரரைச் சீண்டுவாள். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

பாபகோத்தோ எங்களுக்கு மூதாதை. கொல்ல மாட்டோம். செத்துக் கிடந்தால் மனிதருக்குச் செய்வதுபோல் துணி சுற்றி, பொழுது சாய்வதற்குள் புதைத்துவிட வேண்டும். புதைக்காமல் போட்டுவைத்தவருக்குக் குடும்பக் கல்லறையில் இடம் கிடையாது.

ஒரு புயலில் தாய் பாபகோத்தோ முறிந்த கிளையோடு விழுந்து செத்தது. முதலில் கண்டது சுவாவெலு. தாயின் முதுகில் இருந்த குட்டி அதைக் கட்டிப் பிடித்தபடி விடவே இல்லை. நாங்கள் துணியோடு போனபோது அவள் குறுக்கே நின்றாள்.

"இப்பப் புதைக்காதீங்க. இதோட ஆளுங்க மேலதான் இருக்காங்க, தேடி வருவாங்க. நீங்க இத்தனை பேர் நின்னா எப்படி இறங்குவாங்க?"

"குட்டிய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயேன்டி" என்றேன்.

"மனுசன் கையில இது ஒரு இலை தின்னுமா அண்ணி? பட்டினி கிடந்தே செத்துடும். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும்.

லெமேனா கோலை ஊன்றினார். "பொழுது சாயுது. யோசிச்சுக்க. அப்புறம் வூலா பக்கத்துல உனக்கு இடம் இருக்காது."

அவள் முகம் செத்துப்போனது. பிறகு முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தெரியுதுண்ணே. உசுரோட இருக்கிற பிள்ளைய மொதல்ல பாப்போம்" என்றாள்.

கொண்டுபோன துணியோடு நாங்கள் ஊருக்குத் திரும்பிவிட்டோம். மறுநாள் காலை மனசு கேட்காமல் நான் போனேன். மழையில் நனைந்து, மரத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தாள். மேலே கூவல் எழுந்தது. குட்டியின் அக்காளாக இருக்கும், ஒன்று அடிமரம் வரை இறங்கி வந்து குரல் கொடுத்தது. குட்டி தலையைத் தூக்கிப் பார்த்தது. தாயை விட்டு ஒரே தாவு. அக்காள் முதுகில் தொற்றிக்கொண்டு இலைகளுக்குள் போய்விட்டது.

"போயிடுச்சு அண்ணி, பாத்தீங்களா!" என்று சிரித்தாள், அழுதாள். தன்னிடமிருந்த நல்ல துணியை எடுத்துவந்து தாய்க்குச் சுற்றினாள். இரண்டு பேருமாகக் குழி வெட்டினோம்.

போன மழைக்காலத்தில் சுவாவெலு செத்தாள். நான் லெமேனா காலில் விழாத குறை. "முறைன்னா முறைதான்" என்றார், கல்லு மனுசன். கல்லறையைத் திறக்கவில்லை. அதன் சுவருக்கு வெளியே சரிவில் புதைத்தார்கள். அன்று அவருக்கு நான் சோறு போடவில்லை.

எல்லாரும் போனபின் கல்லறையின் கதவுக்கல்லில் வாயை வைத்துச் சொன்னேன்: "வூலா, கண்ணு, உங்கம்மா வந்துட்டா. வெளியதான் இருக்கா."