முள்புதருக்குள் சந்தனம்

பாஞ்சாலை சரியாகத் தண்ணீர் ஊற்றவில்லை என்றுதான் பழி வந்தது.

1979ஆம் ஆண்டு ஆவணி மழையில், ஜமுனாமரத்தூருக்குக் கிழக்கே ஒரு மொட்டைச் சரிவில் வனத்துறையார் எண்ணூறு சந்தனக் கன்றுகளை நட்டார்கள். அடுத்த பங்குனியில் போய்ப் பார்த்தபோது பதினொன்றுதான் உயிரோடு நின்றன. மற்றவை தொட்டால் குச்சி மாதிரி கையோடு வந்தன. கன்றுகளை வளர்த்த நாற்றங்காலின் மேற்பார்வையாளர் சிங்காரம் கணியம்பாடிப் பக்கத்துக்காரர், முன்கோபி. அங்கே தண்ணீர் ஊற்றும் பாஞ்சாலையிடம், வேலையாட்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்.

"பையில இருக்கும்போதே நீ ஒழுங்கா தண்ணி ஊத்தியிருக்க மாட்டே. அதான் வேரு புடிக்கல."

"ஒரு நாள் தவறாம ஊத்துனேன் சார். வேணும்னா கன்னியம்மாளக் கேளுங்க."

கூட வேலை செய்த கன்னியம்மாள் தரையைப் பார்த்தபடி நின்றாள். மறுநாள் பாஞ்சாலையிடமிருந்து பூவாளியை வாங்கிக்கொண்டு, மண் சலிக்கும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் அவள் கணவன் லட்சுமணன் சொன்னான். "வுட்டுட்டு வந்துடு. நம்ம சாமைக் கொல்லையில களை எடுக்கவே ஆள் இல்ல."

"இப்ப வுட்டுட்டு வந்தா நான் ஊத்தலன்னு ஆயிடும். அந்தக் கன்னு எதனால செத்துதுன்னு பாக்காம நான் வரமாட்டேன்."

முப்பது வயதுக்காரி. சொன்னால் சொன்னதுதான் என்பது லட்சுமணனுக்குத் தெரியும்.

விறகுக்குப் போகிற நாட்களில் காட்டில் தானாக முளைத்த சந்தனத்தைத் தேட ஆரம்பித்தாள். பழம் தின்ற குருவி போட்ட விதைதான் எல்லாம். வெட்டவெளிப் பாறைச் சரிவில் ஒரு கன்றுகூட இல்லை. பெரிய மரங்களுக்கு அடியில், இருட்டில், முளைத்தவை முளைத்தபடியே சோர்ந்து கிடந்தன. தழைத்து நின்றவை எல்லாம் முள்புதருக்குள் இருந்தன. அங்கே வெயில் இலை இடுக்கு வழியாகச் சல்லடையில் விழுவதுபோல் பொட்டுப் பொட்டாக இறங்கியது.

ஒரு கன்றின் அடியைக் குச்சியால் மெல்லத் தோண்டினாள். வேர் கீழே போகாமல் பக்கத்தில் ஓடியது. அதைத் தொடர்ந்து போனவள் அசந்து போனாள். புதரின் வேரை அது அங்கங்கே கவ்வியிருந்தது. கவ்விய இடத்தில் எல்லாம் அரிசி அளவுக்கு வெள்ளை முடிச்சு. இழுத்துப் பார்த்தாள், விடவில்லை.

நாற்றங்காலை நினைத்துப் பார்த்தாள். இரட்டைக் கீற்றுப் பந்தல், நாள் முழுக்க மங்கல். வெயிலைத் தேடிக் கன்றுகள் நெட்டுநெட்டாக, வெளிறிப்போய் வளரும். பைக்குள் ஒவ்வொன்றும் தனி, கவ்விக்கொள்ளத் துணை வேர் கிடையாது. அப்படி வளர்ந்ததைக் கொண்டுபோய் மொட்டை வெயிலில் நட்டால் எப்படித் தாங்கும்?

ஆடி மாதம் சிங்காரத்திடம் போய் நின்றாள். "சார், நடவுக்கு ஆவாதுன்னு ஒதுக்கி வெச்ச கன்னு தொண்ணூறு கீது. அத நான் எடுத்துக்கறேன்."

"அத வெச்சி இன்னா பண்ணப் போற?"

"உசுரோட நிக்க வெக்கிறேன்."

அவர் சிரித்துவிட்டு, எப்படியோ போ என்பதுபோல் கையைக் காட்டினார்.

சந்தன வேர் கவ்விக்கொள்ளட்டும் என்று ஒவ்வொரு பையிலும் ஒரு துவரை விதையை ஊன்றினாள். பைகளைப் பந்தலின் ஓரத்துக்கு நகர்த்தினாள். முதல் வாரம் காலை வெயில் மட்டும். அடுத்த வாரம் உச்சிவரை. நாலாம் வாரம் இலைகள் சிவந்து, பாதி கொட்டிவிட்டன. கன்னியம்மாளே பரிதாபப்பட்டாள். ஆனால் பாஞ்சாலை பைகளைப் பின்னால் நகர்த்தவில்லை. பத்து நாள் கழித்துத் தடித்த புது இலை வந்தது.

புரட்டாசி மழையில் மூன்று பங்காகப் பிரித்து நட்டாள். முப்பது மொட்டைச் சரிவில். முப்பது ஒரு நாவல் மரத்தடியில். முப்பது முள்புதர்களுக்குள். முள் கீறிக் கை இரண்டும் புண்ணாகிவிட்டது.

அடுத்த வைகாசியில் சிங்காரத்தைக் கூட்டிப்போய்க் காட்டினாள். சரிவில் நாலு பிழைத்திருந்தன. நாவல் மரத்தடியில் பத்தொன்பது உயிரோடு இருந்தாலும் நட்ட அன்றைய உயரத்திலேயே நின்றன. புதர்களுக்குள் மூன்றைப் பன்றி தோண்டிவிட்டது. நாலு காய்ந்திருந்தன. மீதி இருபத்து மூன்றும் முழங்கால் உயரம்.

சிங்காரம் புதரை விலக்கி விலக்கிப் பார்த்தார். முள் குத்திய விரலை வாயில் வைத்துக்கொண்டே சொன்னார். "தண்ணியில குத்தமில்ல, பாஞ்சாலை."

"இத அங்க எல்லாரு முன்னாடியும் சொல்லுங்க சார்."

அவருக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் மறுநாள் காலையில், வேலை தொடங்கும் முன் சொன்னார். அந்த வாரமே பந்தலில் ஒரு அடுக்குக் கீற்று இறங்கியது. பைகளில் துவரை ஏறியது. பூவாளி பாஞ்சாலையிடம் திரும்பி வந்தது.

அதோடு முடியவில்லை. இரண்டு வருடம் கழித்து, புதருக்குள் இருந்த கன்றுகள் இடுப்பளவில் நின்றுவிட்டன. புதர் அடர்ந்து மேலே மூடியிருந்தது. காப்பாற்றியதே இப்போது அமுக்குகிறது என்று பாஞ்சாலைக்குப் புரிந்தது. அரிவாளோடு போய், அடியைத் தொடாமல், காலை வெயில் இறங்கும்படி புதரின் கிழக்குப் பக்கத் தலைகளை மட்டும் கழித்தாள். அடுத்த மழையில் கன்றுகள் புதருக்கு மேலே தலை நீட்டின.

1984இல் புதிதாக வந்த அதிகாரி ஒருவர், இன்னொரு சரிவில் இருந்த புதர்களை நடவுக்காகச் சுத்தமாக வெட்டச் சொன்னார். ஆட்கள் அரிவாளை எடுத்தார்கள். பாஞ்சாலை குறுக்கே போய் நின்றாள்.

"வெட்டறதுக்கு முன்னாடி என்கூட ஒரு நடை வாங்க சார். பாத்துட்டு அப்புறம் வெட்டச் சொல்லுங்க."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவள் பின்னால் நடந்தார். புதருக்கு மேலே தலை நீட்டிய கன்றுகளைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவர் ஆட்களை அரிவாளைக் கீழே போடச் சொன்னார். எந்தப் புதரில் எத்தனை கன்று, எந்தப் பக்கம் என்று பாஞ்சாலை கையைக் காட்டிக்கொண்டே முன்னால் போக, அன்று சாயங்காலத்துக்குள் இருநூறு குழி தோண்டியாகிவிட்டது.